'மைன்' படுத்தும் பாடு

ஆங்கிலத்தில் சில சொற்கள் பகல் வேஷக்காரனைப் போன்றவை. இடத்துக்கு இடம் வேஷம் மாறும். 'மைன்' என்ற சின்னஞ்சிறு சொல்லைப் பாருங்கள். "என்னுடையது" என்று உரிமை கொண்டாடவும் அதுதான். பூமியைக் குடைந்து பொன் எடுக்கும் சுரங்கமும் அதுதான். காலடியில் வெடிக்கும் கண்ணிவெடியும் அதுவே!

இவை ஒரு தாய் மக்கள் அல்ல. உரிமையைச் சொல்லும் 'மைன்' பழைய ஆங்கிலச் சொல். சுரங்கத்தின் 'மைன்' பிரெஞ்சு மொழியிலிருந்து வந்து சேர்ந்தது. கண்ணிவெடியோ சுரங்கத்தின் பிள்ளை. அந்நாளில் கோட்டையை முற்றுகையிட்ட படைகள் மதிலின் அடியில் சுரங்கம் வெட்டி, வெடிமருந்தை வைத்துத் தகர்க்கும். நாளடைவில் சுரங்கத்தின் பெயர் வெடிக்கே நிலைத்துவிட்டது.

பொன் தேடிய மலை

உறவில்லாத முதல் இரண்டு 'மைன்'களும் கைகோத்துக்கொண்ட ஊர் நம் நீலகிரியிலேயே இருக்கிறது. கூடலூரிலிருந்து பந்தலூர் செல்லும் வழியில், மழைக்குப் பேர்போன தேவாலாதான் அது.

குறும்பரும் பணியரும் மண்ணை அரித்துப் பொன் எடுத்துவந்த பூமி. 1879-ல் ஆஸ்திரேலியாவில் அனுபவம் பெற்ற பிரஃப் ஸ்மித் என்ற நிபுணர் அரசாங்கத்துக்காக இங்கே ஆராய்ச்சி நடத்தினார். அவ்வளவுதான், லண்டனில் பொன் பித்தம் தலைக்கேறியது. கம்பெனிகள் மளமளவென்று முளைத்தன, பங்குகள் பறந்தன, இயந்திரங்கள் மலையேறின. ஆனால் பாறையை அரைத்துக் கிடைத்த பொன் செலவுக்கே கட்டவில்லை. சில ஆண்டுகளுக்குள் கம்பெனிகள் கவிழ்ந்தன. பொன் வேட்டை நடந்த மலையில் தேயிலை தழைத்தது.

யாருடையது?

சுரங்கம் மூடிற்று, "என்னுடையது" என்ற பேச்சு மூடவில்லை. இந்தப் பகுதி நிலம் நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்மமாக இருந்தது. தோட்டக்காரர்கள் அதைக் குத்தகைக்கு எடுத்தார்கள். ஜன்ம முறையை ஒழிக்க 1969-ல் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து வழக்குகளும் வந்தன. 1964-ம் ஆண்டு ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர் பலரும் இந்த வட்டாரத்தில்தான் கொழுந்து பறிக்க வந்தார்கள். பல தலைமுறையாகக் குடியிருந்தும் பட்டா இல்லாதவர்கள் இன்றும் உண்டு. காட்டையே வீடாகக் கொண்ட பழங்குடிகளுக்கோ பட்டா என்ற சொல்லே பிந்தி வந்ததுதானே?

வெள்ளைக்காரர் காலத்துக் குழிகள் இன்னும் வாய் திறந்து கிடக்கின்றன. ஒரு குன்றிமணிப் பொன்னாவது கிடைக்காதா என்று அவற்றில் இறங்கியவர்கள் மண் சரிந்து மாண்டதும் உண்டு. வெடிமருந்து இல்லாமலே அங்கே சுரங்கம் கண்ணியாகி விடுகிறது.

தமிழில் இம்மூன்றுக்கும் தனித்தனிச் சொல் இருப்பதால் நமக்குக் குழப்பமில்லை. தேவாலாக்காரருக்கு மட்டும் மூன்றும் ஒரே மண்ணில் கிடக்கின்றன. பொன் இருக்கிறதா என்று தோண்டிப் பார்த்தாயிற்று. மண் யாருடையது என்பதுதான் இன்னும் தீரவில்லை.