வக்கீல் கட்டணம் எப்போது அநீதியாகிறது?



மரக்காணம் உப்பளத்துக்கு விடியுமுன் சைக்கிளில் புறப்பட்ட ஒருவர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரி மோதி இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். இழப்பீட்டு வழக்குப் போட மனைவி கையில் காசில்லை. “இப்போது ஒன்றும் தர வேண்டாம்மா, பணம் வந்ததும் நூற்றுக்கு இருபது கொடுத்தால் போதும்” என்கிறார் வக்கீல். அந்த நேரத்தில் அது இரக்கமாகவே தெரியும்.

தெலங்கானாவிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று இப்படித்தான். 1998-இல் சாலை விபத்தில் கணவரை இழந்த பெண் அவர். வக்கீல் 10 லட்சம் ரூபாய் வாங்கிய பிறகும், இன்னும் 3 லட்சத்துக்குக் காசோலையில் கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கினார் என்பது அவருடைய முறையீடு. காசோலை திரும்பியது, வக்கீல் அவர்மீதே வழக்குத் தொடுத்தார். 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. கிடைக்கும் தொகையில் சதவீதம் பேசுவது சட்டவிரோதம், தொழில் ஒழுங்கீனம் என்றது. இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகளும் அதைத் தடை செய்கின்றன.

வக்கீல் கூலி வாங்குவதே தவறா? இல்லை. 13-ஆம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்குவினாஸ் இக்கேள்வியை எடுத்து, வாங்கலாம் என்றார். ஆனால் நான்கைப் பார்க்கச் சொன்னார்: ஆளின் நிலை, வழக்கின் தன்மை, பட்ட உழைப்பு, ஊர் வழக்கம். அதற்கு மேல் பறிப்பது நீதிக்கு எதிரான பாவம் என்றார். சதவீதக் கணக்கு உழைப்பை அளப்பதே இல்லை. ஒரே அளவு வேலைக்கு, இறந்தவரின் வருமானம் கூடினால் வக்கீலின் பங்கும் கூடுகிறது. பிள்ளைகளின் சோற்றிலிருந்துதான் அது போகிறது.

ஆகவே, வக்காலத்தில் கையெழுத்துப் போடும்போதே கட்டணத்தை எழுதி வாங்குங்கள். கொடுத்ததற்கு ரசீது கேளுங்கள். தொகை எழுதாத காசோலையை, எவ்வளவு நல்லவரானாலும், யாரிடமும் தராதீர்கள். “பாக்கியைக் கட்டினால்தான் கேஸ் கட்டு” என்று சொல்ல வக்கீலுக்கு உரிமையில்லை; 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. முறைகேடு நடந்தால் சென்னையிலுள்ள தமிழ்நாடு–புதுச்சேரி வழக்கறிஞர் மன்றத்தில் எழுத்து மூலம் புகார் தரலாம்.

இன்னொன்று நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வக்கீல் உண்டு. வானூர்க்காரர்கள் விழுப்புரம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். போக முடியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.