தோட்டத்து வண்டியும் பாலைவன ராத்திரியும்

2023 ஜனவரியில் சவூதி அரேபியாவில் டாக்கர் ராலி என்னும் பாலைவனப் பந்தயம் முடிந்தபோது ஒரு பிரிவின் கோப்பையைத் தூக்கியவர் போலந்துக்காரர் எரிக் கோச்சாவ். வயது 18. அதுதான் அவருக்கு முதல் டாக்கர். கடைசி நாள் காலை வரை முன்னணியில் இருந்த லிதுவேனியாக்காரர் ரோகாஸ் பாச்சியுஷ்காவின் வண்டி பழுதாக, பையன் முந்திவிட்டான். மூன்றாவதாக வந்தவர் அவன் அப்பா. வெள்ளகோவில் பையன்கள் அந்த வயதில் எல்.எல்.ஆர். போட ஆர்.டி.ஓ. ஆபீசில் வரிசையில் நிற்பார்கள்.

எரிக் ஓட்டியது காரும் இல்லை, பைக்கும் இல்லை. 'சைடு பை சைடு' என்கிற வகை. இரும்புக் குழாய்க் கூண்டு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட்டு, முதுகுக்குப் பின்னால் எஞ்சின், குழியில் இறங்கினால் முழங்கால் மாதிரி நீண்டு மடங்கும் சஸ்பென்ஷன். கதவுக்குப் பதில் வலை. டாக்கரில் இந்த வகைக்கு 2017-இல்தான் தனிப்பிரிவு கிடைத்தது. அந்த ஆண்டு போலாரிஸ் ஆர்.இசட்.ஆர். வண்டியில் பிரேசிலின் லியாண்ட்ரோ டோரஸ் ஜெயித்தார்.

இத்தனை துள்ளுகிற வண்டியின் பூர்வீகம் விவசாயம். கவாசாகி 1988-இல் கொண்டுவந்த 'மியூல்', போலாரிஸ் 1998-இல் கொண்டுவந்த 'ரேஞ்சர்' எல்லாம் பண்ணையில் தீவனக்கட்டும் உரமூட்டையும் ஏற்றப் பிறந்தவை. பின்னால் சின்னதாக ஒரு தொட்டி, முன்னால் இரண்டு பேர் உட்கார இடம், அவ்வளவுதான். பண்ணையாட்கள் ஞாயிற்றுக்கிழமை அதையே மண்மேட்டில் ஏற்றிப் பார்த்தார்கள். அந்த ருசியைப் பிடித்துக்கொண்ட கம்பெனிகள் தொட்டியைச் சுருக்கி எஞ்சினைப் பெருக்கின. 2007-இல் ஆர்.இசட்.ஆர். வந்தது. இன்றைய ஆர்.இசட்.ஆர். புரோ ஆர் மாடலில் 2 லிட்டர் எஞ்சின், 225 குதிரைத்திறன். நம்மூர் மாருதி ஸ்விஃப்ட்டைப் போல இரண்டு பங்குக்கும் மேல்.

"இதை டேக்ஸ் கட்டி ரோட்டுல ஓட்டலாமுங்களா?" என்றுதான் கொங்குக்காரர் முதலில் கேட்பார். நம் நாட்டில் பெரும்பாலும் முடியாது. சொந்த நிலம், ரிசார்ட் வளாகம், பந்தயத் தடம், அதோடு சரி. ஒரு வேடிக்கை உண்டு. போலாரிஸ் தன் ஸ்போர்ட்ஸ்மேன் 570 வண்டியை இந்தியாவில் டிராக்டராகவே பதிவு செய்யும்படி கொண்டுவந்தது. அது பைக் மாதிரி இருபுறமும் கால்போட்டு உட்காரும் ஏ.டி.வி., கூண்டு வகை அல்ல.

சைடு பை சைடு வண்டிகள் பெரும்பாலானவற்றின் உயிர் ஒரு ரப்பர் பெல்ட்டில் இருக்கிறது. ஸ்கூட்டியில், ஆக்டிவாவில் ஓடுகிற அதே சி.வி.டி. ஏற்பாடுதான், கியர் போடும் வேலை இல்லை. இருநூறு குதிரைத்திறனை மணலில் அந்த ஒற்றைப் பெல்ட் இழுக்கும்போது சூடேறும்; மேட்டில் சக்கரம் சிக்கியபின் ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பிடித்தால் கருகி அறுந்துபோகும். அதனால் ஸ்பேர் பெல்ட் இல்லாமல் அனுபவசாலி யாரும் பாலைவனத்துக்குப் புறப்படுவதில்லை. பெல்ட் மாற்றுவதைப் பகலில் வீட்டு வாசலிலேயே பழகிக்கொள்கிறார்கள். ஹெல்மெட்டில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், சூடான மூடியைக் கழற்றி, மணல் உள்ளே போகாமல் மாற்றுவது வேறு வித்தை.

ராத்திரி என்றதும் குளிரும் நட்சத்திரமும்தான் நினைவுக்கு வரும். குளிர் உண்மைதான். காற்றில் ஈரமும் மேலே மேகமும் இல்லாததால் மணல் பகலில் வாங்கிய சூடு பொழுது சாய்ந்ததும் மளமளவென்று வானுக்கே போய்விடும். எஞ்சினுக்கும் பெல்ட்டுக்கும் அது நல்லது. ஓட்டுகிறவருக்கு வேறொரு எதிரி இருக்கிறது: தூசி.

கோடையில் முத்தூர் பக்கத்து மண்பாதையில் லாரிக்குப் பின்னால் பைக்கில் மாட்டியவர்களுக்கு இது தெரியும். ஹை பீம் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பும். பாலைவனத்தில் அந்தச் சுவர் நாள் முழுக்க, நூறு வண்டிக்குப் பின்னால் நிற்கும். வெளிச்சத்தைக் கூட்டக் கூட, தூசித் துகள் அத்தனையும் அதைத் திருப்பி முகத்திலேயே அடிக்கும். அதனால்தான் கூரைமேல் பெரிய வெள்ளை எல்.இ.டி. வரிசை இருந்தாலும் தூசி கிளம்பியதும் அதை அணைத்துவிட்டு, தாழ்வாகப் பொருத்திய மஞ்சள் விளக்கில் ஓட்டுகிறார்கள். பின்பக்கமும் உயரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். பின்னால் வருகிறவன் மோதாமலிருக்க அது ஒன்றே துணை. ஹெல்மெட்டுக்குள் குழாய் வழியே வடிகட்டிய காற்று வரும். இல்லாவிட்டால் ரெண்டு மணி நேரத்தில் மூச்சு அடைத்துப்போகும். டாக்கரில் முந்த நினைப்பவர் ஒரு பொத்தானை அழுத்தினால் முன்வண்டிக்குள் அலாரம் அலறும். ஹாரன் சத்தம் அங்கே யார் காதிலும் விழாது.

அடுத்தது மணல்மேடு. காற்று வரும் பக்கம் சரிவு மெதுவாக ஏறும். மறுபக்கம் சுமார் 33, 34 பாகையில் சட்டென்று விழும். உலர்ந்த மணல் அதைவிடச் செங்குத்தாக நிற்காது. பகலில் நிழலைப் பார்த்து மறுபக்கத்தை ஊகிக்கலாம். ராத்திரியில் மேடேறும் வண்டியின் விளக்கு வானத்தைப் பார்க்கிறது. உச்சியைத் தாண்டி என்ன இருக்கிறதென்று தெரியாது. ஏற வேகம் வேண்டும், உச்சியில் வேகம் ஆகாது. இந்த இரண்டுக்கும் நடுவே சரியான இடத்தில் காலை எடுப்பதுதான் ஓட்டுநரின் தேர்ச்சி. டயர் காற்றைப் பன்னிரண்டு, பதினைந்து பி.எஸ்.ஐ.க்கு இறக்கிவிடுவார்கள். டயர் தட்டையாகி மணல்மேல் மிதக்கும்.

விடிய விடிய ஓட்டுவதற்குப் பேர்போனது மெக்சிகோவின் பாஹா 1000. 1967-இல் முதல் பந்தயத்தில் பெரிய பந்தயக் கம்பெனி எதுவும் ஜெயிக்கவில்லை. ஃபோக்ஸ்வாகன் பாகங்களில் கட்டிய சின்ன 'பக்கி' வண்டி ஒன்று 27 மணி 38 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. நவம்பரில் நடப்பதால் இருட்டு பதின்மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. பாதையில் மாடு படுத்திருக்கும். முழங்கால் ஆழத்துக்கு மாவு மாதிரி புழுதி கிடக்கும். இப்போது சைடு பை சைடுகளுக்கும் அங்கே தனிப் பிரிவுகள் உண்டு.

டாக்கர்காரர்கள் ராத்திரியை வேறு மாதிரி வைத்தார்கள். 2024 ஜனவரி 11, 12 தேதிகளில் ரூபுல் காலி என்னும் 'வெற்று நிலத்தில்' 48 மணி நேரச் சுற்று. சுமார் ஆறரை லட்சம் சதுர கிலோமீட்டர் மணல். நம் தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்கு. சாயங்காலம் மணி நாலு அடித்ததும், அடுத்து வரும் முகாமில் வண்டியை நிறுத்திவிட வேண்டும். மெக்கானிக் கிடையாது, போன் கிடையாது, எதிராளி எத்தனை நிமிடம் முன்னால் என்ற தகவலும் கிடையாது. ஒரு கூடாரம், கொஞ்சம் பொட்டலச் சோறு. உடைந்ததை அங்கிருக்கும் போட்டியாளர்களே சரிசெய்துகொள்ள வேண்டும். பெரிய கம்பெனி டிரைவரும் கடன் வாங்கி வந்தவரும் ஒரே நெருப்பைச் சுற்றி உட்கார்ந்த ராத்திரி என்பதால், ஓட்டத்தைவிட அந்த நிறுத்தம்தான் பலருக்கும் பிடித்திருந்தது. மறு ஆண்டும் அதைத் தொடர்ந்தார்கள்.

அதே 2024 டாக்கரில் பைக் பிரிவில் ஷெர்கோ டி.வி.எஸ். அணிக்காக ஓட்டிய ஹரித் நோவா ஒட்டுமொத்தத்தில் 11-ஆவது வந்து, ராலி 2 வகுப்பில் முதலிடம் பிடித்தார். ஊர் ஷொரணூர், கோயமுத்தூரிலிருந்து பாலக்காடு கணவாயைத் தாண்டினால் கொஞ்ச தூரம்தான். டி.வி.எஸ். வண்டி செய்வது ஓசூரில். கொங்கு நாட்டுக்கும் புழுதிப் பந்தயம் புதிதல்ல. பல்லடத்தை அடுத்த கேத்தனூர்ப் பக்கம், காற்றாலைகளுக்கு நடுவே உள்ள மண்பாதைகளில் தேசிய ராலி சாம்பியன்ஷிப்பின் கோவைச் சுற்று நடந்திருக்கிறது. மணலில் ராத்திரி ஓட்டம் வேண்டுமென்றால் ராஜஸ்தானுக்குத்தான் போக வேண்டும்; 2003-இல் தொடங்கிய டெசர்ட் ஸ்டார்ம் ராலி அங்கே இருட்டிலும் ஓடியிருக்கிறது.

தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலைப் பார்த்து யாருக்கும் ஆசை வரலாம். குதிரைமொழித் தேரி காப்புக்காடு. அனுமதியில்லாமல் வண்டியை இறக்கினால் வழக்கு வரும், வரவும் வேண்டும்.

துபாய், ஷார்ஜாவில் வேலை பார்க்கும் கொங்குப் பையன்களுக்கு லஹ்பாப், அல் படாயர் மணல்மேடுகள் வார இறுதி தூரம். அங்கே மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் வண்டி இந்த சைடு பை சைடுதான். சாயங்காலம் புறப்பட்டு, முகாமில் தங்கி, விடியலில் திரும்பும் ஏற்பாடுகளும் உண்டு. பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. முன்னால் வழிகாட்டி வண்டி போகிறதா? வண்டியின் பின்னால் உயரக் கம்பமும் அதன் நுனியில் விளக்கும் இருக்கிறதா? மேட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கு முதலில் தெரிவது அந்த நுனிதான். நாலு முனை சீட் பெல்ட் சரியாக மாட்டுகிறதா? கைக்கும் கூண்டுக்கும் நடுவே வலை இருக்கிறதா? வண்டி உருளும்போது கை தன்னையறியாமல் வெளியே நீளும். கைமுறிவுகள் பல அப்படி வருபவை. காப்பீடு இருட்டு நேர ஓட்டத்துக்கும் செல்லுமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.