மோர்ஸ் பேடில் தேர்வு: ஒரு தாள் தடிமனும் 60 மில்லி செகண்டும்

ஹாம் ரேடியோவில் சி.டபிள்யூ. பக்கம், அதாவது மோர்ஸில் பேசும் பக்கம், புதுசா வர்றவங்க முதல்ல கேட்கிற கேள்வி "எந்த பேடில் வாங்கலாம்?" என்பதுதான். பதிலாக ஒரு கம்பெனி பெயர் கிடைக்கும். அந்தப் பெயர் சரியாகவே இருக்கலாம். ஆனால் அது ஏன் நல்லதுன்னு தெரியாமல் வாங்கினால், அதை எப்படி செட் பண்ணணும் என்பதும் தெரியாது. நல்ல கருவியும் மேசையில் மோசமான கருவியாகத்தான் நடந்துகொள்ளும்.

2003-ல் நடந்த உலக ரேடியோ மாநாட்டுக்குப் பிறகு, ஹாம் உரிமத்துக்கு மோர்ஸ் தெரிந்திருக்கணும் என்ற சர்வதேசக் கட்டாயம் போய்விட்டது. அமெரிக்காவும் 2007-ல் மோர்ஸ் தேர்வை முழுசா எடுத்துவிட்டது. ஆகவே இன்று மோர்ஸ் கற்பவர்களில் பெரும்பாலானவர்கள் ஆசைப்பட்டு வருகிறவர்கள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒரு சீனியர் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. சில நூறு ரூபாயில் வீட்டிலேயே செய்துகொள்ளும் பேடிலும் இருக்கு, சில பத்தாயிரம் விலையுள்ள வெளிநாட்டுப் பேடிலும் இருக்கு. இந்த வித்தியாசத்தில் எவ்வளவு உண்மையான தரம், எவ்வளவு வெறும் பளபளப்பு என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் குறிப்பு.

பேடில் செய்யும் வேலை என்ன?

பழைய ஸ்ட்ரெய்ட் கீயில் டிட், டா இரண்டின் நீளத்தையும் உங்கள் மணிக்கட்டுதான் தீர்மானிக்கும். தந்தி காலத்தில் நாள் முழுக்க இப்படி மேலும் கீழும் அடித்தவர்களுக்குக் கை விட்டுப்போகும். அமெரிக்கத் தந்தி ஊழியர்கள் அதைக் 'கண்ணாடிக் கை' என்றே சொன்னார்கள். அதற்கு மாற்றாக ஹொரேஸ் மார்ட்டின் 1904-ல் காப்புரிமை பெற்றதுதான் வைப்ரோப்ளெக்ஸ். அதில் பக்கவாட்டில் தள்ளினால் ஒரு கம்பி அதிர்ந்து டிட்களைத் தானே அடிக்கும், டாக்களை மட்டும் கையால் அடிக்கணும். பிறகு எலக்ட்ரானிக் கீயர் வந்து இரண்டையுமே தன் கையில் எடுத்துக்கொண்டது.

இன்றைய பேடில் வெறும் இரண்டு சுவிட்சுதான். ஒரு பக்கம் தொட்டால் டிட், மறுபக்கம் தொட்டால் டா. நீளத்தைக் கணக்கிடுவது ரேடியோவுக்குள் இருக்கும் கீயர். "இரண்டு சுவிட்சுக்கா இவ்ளோ விலை?" என்று கேட்பது நியாயம்தான். பதில் காலக் கணக்கில் இருக்கு.

காலக் கணக்கு

மோர்ஸில் ஒரு டிட் என்பது ஒரு அலகு, டா மூன்று அலகு. ஒரே எழுத்துக்குள் இருக்கும் இடைவெளி ஒரு அலகு, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஏழு. 'பாரிஸ்' என்ற ஆங்கிலச் சொல் அதன் பின்னால் வரும் இடைவெளியோடு சேர்த்து 50 அலகு. வேகத்தை அளக்க அதுதான் படிக்கல். அதன்படி 1200-ஐ நிமிடத்துக்கு எத்தனை சொல் என்பதால் வகுத்தால், ஒரு டிட்டின் நீளம் மில்லி செகண்டில் கிடைக்கும். 12 சொல் வேகத்தில் 100, 20-ல் 60, 30-ல் 40.

எஸ் என்ற எழுத்துக்கு மூன்று டிட், ஹெச் எழுத்துக்கு நான்கு. 20 சொல் வேகத்தில் எஸ் அடிக்கும்போது, மூன்றாவது டிட் ஆரம்பித்ததிலிருந்து 120 மில்லி செகண்டுக்குள் காண்டாக்ட் பிரிந்திருக்கணும். பிரியாவிட்டால் நான்காவது டிட் போய்விடும், எஸ் ஹெச் ஆகிவிடும். 30 சொல் வேகத்தில் இந்த அவகாசம் 80 மில்லி செகண்டாகச் சுருங்குது.

நம்ம ஊர் அழைப்புக் குறிகளில் நிறைய 'வி யூ 2' என்றுதான் தொடங்கும். யூ என்பது டி-டி-டா, வி என்பது டி-டி-டி-டா. டா விரல் வருவதற்குள் டிட் பக்கம் சரியாகத் திரும்பவில்லை என்றால் ஒரு டிட் கூடி, யூ வி ஆகிவிடும். ஐந்து வாட்டில் அனுப்பும் சிக்னல் எங்கோ இரைச்சலுக்குள் மங்கி மங்கிக் கேட்கும்போது, எதிரில் இருப்பவர் அதை யூகித்துத் திருத்திக்கொள்ள வழியில்லை. அவர் நோட்டில் உங்கள் பெயரே தப்பாகப் பதிவாகும்.

இதிலிருந்துதான் பேடிலின் முதல் இலக்கணம் வருது. அழுத்தும்போது எப்படி இருக்கு என்பதைவிட, விட்டதும் எவ்வளவு வேகமாக, எவ்வளவு தெளிவாகத் திரும்புது என்பது முக்கியம். கடையிலோ நண்பர் வீட்டிலோ ஒரு பேடிலைத் தொட்டுப் பார்த்தால், விரலை எடுக்கும் கணத்தைக் கவனியுங்கள்.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டிய ஐந்து

முதலாவது, நகராமை. பக்கவாட்டில் தட்டும் கருவி என்பதால் லேசான பேடில் மேசையில் ஊர்ந்துகொண்டே இருக்கும். அதைத் துரத்தும் கை இறுகும், இறுகிய கை தாமதிக்கும். அடித்தளம் ஒரு கிலோவுக்கு மேல் இருந்தால் நிம்மதி. மலையேறும்போது கொண்டுபோகும் சின்னப் பேடிலில் அந்த எடை வராது. அதில் காந்தமோ, தொடையில் கட்டும் பட்டையோ, ரேடியோவோடு பொருத்தும் வசதியோ இருக்கான்னு பாருங்கள்.

இரண்டாவது, பிவட்டில் ஆட்டம். லீவரின் விரல் தகட்டைப் பிடித்து மேலும் கீழும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். அது அசைவது ஒரே ஒரு திசையில்தான் இருக்கணும். நாம் வைக்கப்போகும் காண்டாக்ட் இடைவெளியே சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். பேரிங்கில் அதே அளவு தளர்ச்சி இருந்தால், நீங்கள் செட் செய்த இடைவெளிக்கு அர்த்தமே இல்லை. விலை உயர்ந்த பேடில்களில் காசு பெரும்பாலும் போவது இந்த இடத்துக்குத்தான்.

மூன்றாவது, ஸ்க்ரூவின் மரை. இதை யாரும் பெருசா பேசுவதில்லை, ஆனால் தினமும் கை வைக்கிற இடம் இது. சாதாரண 4 மில்லிமீட்டர் ஸ்க்ரூவை ஒரு முழுச் சுற்று திருகினால் 0.7 மில்லிமீட்டர் நகரும். நமக்கு வேண்டிய 0.1-க்கு ஏழில் ஒரு சுற்றுதான், சுமார் 50 டிகிரி. 3 மில்லிமீட்டர் ஸ்க்ரூவில் ஒரு சுற்றுக்கு 0.5, ஆக 72 டிகிரி திருகலாம். இன்னும் நுண்ணிய 0.35 மரை என்றால் 100 டிகிரிக்கு மேல் கிடைக்கும். மரை எவ்வளவு நுண்ணியதோ, கைக்கு அவ்வளவு கட்டுப்பாடு. கூடவே லாக் நட்டையும் சோதியுங்கள். இடைவெளியை வைத்து, நட்டை முடுக்கியதும் அது மாறிவிட்டால், அந்தப் பேடிலோடு ஒவ்வொரு முறையும் மல்லுக்கட்டணும்.

நான்காவது, இழுவிசை. ஸ்பிரிங்கா காந்தமா என்று பெரிய வாதமே நடக்கும். ஸ்பிரிங் தள்ளத் தள்ள இறுகும். ஒன்றையொன்று இழுக்கும் காந்தங்கள் வைத்த பேடிலில் லீவர் அசையும் முதல் கணத்தில்தான் விசை அதிகம், விலகினால் குறையும். அதனால் ஒரு சின்ன 'பட்' என்ற உணர்வு கிடைக்கும். ஆனால் லீவர் நகரும் தூரம் ஒரு தாள் தடிமன்தான் என்பதால், காந்தங்களுக்கு நடுவே ஏற்கெனவே சில மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் இந்த வித்தியாசம் மிகச் சிறியது. விசையை இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க முடியுதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரே பலம் உள்ளவை அல்ல. காந்தப் பேடிலுக்கு ஒரு எச்சரிக்கை: ட்ரில் போடும் மேசையில் வைக்காதீர்கள். இரும்புத் தூள் போய் ஒட்டிக்கொள்ளும். அதை எடுக்க செலோடேப்தான் வழி.

ஐந்தாவது, காண்டாக்ட். பழைய வால்வு டிரான்ஸ்மிட்டர்களில் கீ வழியாகவே கணிசமான மின்னோட்டம் போகும். சின்னப் பொறி பறந்து, காண்டாக்டில் படிந்த மெல்லிய படலத்தை அதுவே எரித்துவிடும். இன்றைய கீயரில் 3.3 வோல்ட்டும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் இருந்தால், ஓடுவது 0.33 மில்லி ஆம்பியர்தான். படலத்தை உடைக்க அதற்குத் தெம்பில்லை. விளைவு, திடீர் திடீரென்று ஒரு டிட் காணாமல் போகும். பித்தளை பச்சை பிடிக்கும் கடலோர ஊர்க்காரர்கள் இதை முக்கியமாகக் கவனிக்கணும். தங்க முலாம் பூசிய காண்டாக்டுக்கு அந்த வகையில் உண்மையான பயன் உண்டு. சுத்தம் செய்ய, ஒரு வெள்ளைத் தாள் துண்டை நடுவில் வைத்து லேசாக அழுத்தி இழுத்தால் போதும். உப்புத்தாள் போட்டால் முலாமே போய்விடும்.

ஒரு லீவரா, இரண்டா?

இரட்டை லீவர் பேடிலில் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் டிட்டும் டாவும் மாறி மாறி வரும். சி எழுத்து டா-டி-டா-டி. ஒற்றை லீவரில் நான்கு அசைவு, இரட்டையில் டா பக்கம் முந்திக்கொண்டு ஒரே பிடியில் முடியும். ஆனால் எப்போது விடுவது என்ற நேரம் அங்கே நுணுக்கமாகிவிடுது. ஒற்றை லீவரில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பட வாய்ப்பே இல்லை, அதனால் அந்த வகைத் தவறும் இல்லை. வேகமாக அனுப்புபவர்களிலும் ஒற்றையை விடாதவர்கள் இருக்கிறார்கள். கற்கும் கட்டத்தில் இரட்டை வாங்கினால் இரண்டு முறையையும் பழகிப் பார்க்கலாம். சேர்த்துப் பிடிக்காமல் தட்டினால் அது ஒற்றை மாதிரியே வேலை செய்யும்.

இங்கே ஒரு விஷயம், காசு செலவாகாத விஷயம். கீயரில் 'ஏ' முறை, 'பி' முறை என்று இரண்டு உண்டு. சேர்த்துப் பிடித்ததை விட்டால், ஏ முறையில் அப்போது போய்க்கொண்டிருப்பதோடு நின்றுவிடும். பி முறையில் எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று கூடுதலாகப் போகும். ஏ-யில் பழகிய கை பி-யில் அடித்தால், சி-க்குப் பின்னால் ஒரு டா ஒட்டிக்கொள்ளும். "பேடில் சரியில்லை" என்று புதுசு வாங்கக் கிளம்பும் முன், ரேடியோ மெனுவில் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒயரிங்கும் அப்படித்தான். 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பிளக்கில் வழக்கமாக நுனி டிட், நடு வளையம் டா, அடிப்பகுதி கிரவுண்ட். தெரியாமல் மோனோ பிளக் செருகினால் வளையம் கிரவுண்டோடு சேர்ந்து, டா நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். டிரான்ஸ்மிட் ஆகும்போது மட்டும் கீயர் உளறினால், ஒயர் ஆன்டெனா சக்தியை உள்ளே இழுக்குது என்று சந்தேகப்படலாம். இரண்டு லைனிலிருந்தும் கிரவுண்டுக்கு 0.01 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும், ஒயரில் ஒரு ஃபெரைட்டும் போட்டுப் பாருங்கள்.

எவ்வளவு செலவழிக்கலாம்?

ஆரம்பத்துக்கு, ஆக்ஸா பிளேடு இரண்டு துண்டு, ஒரு மரக்கட்டை, நாலு ஸ்க்ரூ போதும். பிளேடே ஸ்பிரிங், பிளேடே பிவட், அதனால் தளர்ச்சி என்ற பேச்சே இல்லை. பெயின்டை நல்லா சுரண்டிவிட்டு ஒயரை இணைக்கணும். 15 சொல் வேகம் வரை இதில் தாராளமாகப் போகலாம். மவுஸ் பட்டன் மாதிரியான மைக்ரோ சுவிட்ச் வைத்தும் செய்யலாம், ஆனால் அதில் இடைவெளியை நாம் மாற்ற முடியாது.

அடுத்த படி, பேரிங்கும் தனித்தனி ஸ்க்ரூக்களும் உள்ள நடுத்தர விலைப் பேடில். இங்கிலாந்தின் கென்ட், அமெரிக்காவின் பென்ச்சர் போன்றவை பல ஆண்டுகளாக மேசைகளில் இருப்பவை. இரண்டாம் கையாகக் கிடைத்தாலும் பயப்பட வேண்டாம், மேலே சொன்ன ஐந்தையும் பார்த்து வாங்குங்கள். இத்தாலியின் பெகாலி போன்ற உயர்ரகத்துக்குப் போகும்போது துல்லியமும் கிடைக்கும், அழகும் கிடைக்கும். தபாலும் சுங்கமும் தனி. தினமும் காற்றலையில் இருப்பவருக்கு அது வீண் செலவு இல்லை.

ஆனால் ஒன்றை மட்டும் எந்த விலையும் வாங்கித் தராது. கீயர் ஒழுங்குபடுத்துவது எழுத்துக்கு உள்ளே இருக்கும் இடைவெளியை. எழுத்துகளுக்கு நடுவே வர வேண்டிய அந்த மூன்று அலகும், சொற்களுக்கு நடுவே வர வேண்டிய ஏழு அலகும் உங்கள் கையில்தான் இருக்கு. எழுத்துகளை ஒட்டி ஒட்டி அனுப்பினால், பெகாலியிலும் ஆக்ஸா பிளேடிலும் ஒரே குழப்பம்தான் கேட்கும்.

வாங்கி வந்த அன்று

காண்டாக்ட் நடுவே சாதாரண ஜெராக்ஸ் தாள் ஒன்றை இரண்டாக மடித்து வைத்து, அது லேசாக உரசி வெளியே வரும் அளவுக்கு ஸ்க்ரூவை வையுங்கள். பழகப் பழக ஒற்றைத் தாளுக்குக் குறைக்கலாம். அது சுமார் 0.1 மில்லிமீட்டர். விசையை முதலில் கொஞ்சம் கூடுதலாக வைத்து, மெதுவாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பிறகு டிரான்ஸ்மிட்டரை அணைத்து, சைட்டோனில் மட்டும் எஸ், ஹெச், 5 மூன்றையும் மாற்றி மாற்றிப் பத்து நிமிடம் அடியுங்கள். மூன்று, நான்கு, ஐந்து டிட். அதிகமாகப் போனால் விசையைச் சற்றுக் கூட்டுங்கள். குறைந்தால் இடைவெளி அதிகம் அல்லது காண்டாக்ட் அழுக்கு. ஒரு நேரத்தில் ஒரு ஸ்க்ரூவை மட்டும் தொடுங்கள், எது மாற்றியதுன்னு அப்போதுதான் தெரியும்.

மூன்றும் தப்பில்லாமல் வர ஆரம்பித்ததும் உங்கள் அழைப்புக் குறியை இருபது முறை அனுப்புங்கள். நீங்கள் அதிகம் அனுப்பப்போவது அதைத்தான்.