ஏரி மதகும் கரையும்: மழைக்கு முன் பார்க்கவேண்டிய பழுதுகள்

திருவள்ளூர், ஊத்துக்கோட்டை, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி தாலூக்காக்களில் நெல் பயிரிடும் குடியானவர்களுக்கு ஏரியின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. கொசஸ்தலை, ஆரணி என்னும் இரண்டு ஆறுகளும் வருஷத்திற் சில வாரங்களே பெருகி ஓடுவன. ஐப்பசி, கார்த்திகையிற் பெய்யும் மழையைத் தேக்கி வைத்தாலன்றிச் சம்பாவின் கடைசித் தண்ணீரும் நவரைப் போகமும் கைகூடா. ஆகவே ஏரியும் குடியானவனுடைய கருவிகளுள் ஒன்றேயாம். கொழு தேய்ந்தால் கொல்லன் பட்டறைக்குப் போகிறோம். பம்பு நின்றால் அன்றைக்கே ஆளனுப்புகிறோம். மதகு துருப்பிடித்துக் கிடப்பதை மட்டும் பத்து வருஷமாயினும் பார்த்துக் கொண்டிருக்கிறோம்.

சில வருஷங்களுக்கு முன் கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கிராமமொன்றில் நேரே கண்டதைச் சொல்லுகிறேன். கார்த்திகையில் ஏரி நிரம்பிற்று. மதகின் பலகையைத் தூக்கிச் சம்பாவுக்குத் தண்ணீர் விட்டார்கள். மூடப்போனபோது பலகை இறங்கவில்லை. கோடை முழுவதும் திருகுதண்டுக்கு எவரும் மசகிடவில்லை. நான்கு பேர் கைப்பிடியில் இரும்புக் குழாயை மாட்டி நெம்பினர், தண்டு வளைந்தது. பிறகு வைக்கோற் புரியும் களிமண்ணும் கொண்டு அடைத்தும் ஒழுக்கு நிற்கவில்லை. பங்குனியில் நவரை கதிர் வாங்கும் தருணத்தில் ஏரியில் சேறுதான் மிஞ்சியிருந்தது. அவ்வூரிலேயே சிப்காட் தொழிற்சாலைகளில் பிட்டர் வேலை பார்க்கும் வாலிபர்கள் பலர் உண்டு. அவர்களுக்கு இஃது அரைநாள் வேலை. ஒருவரும் அவர்களைக் கேட்கவில்லை என்பதே விசனம்.

மதகைக் கவனிக்கத் தக்க காலம் சித்திரை, வைகாசி. ஏரி வற்றியிருக்கும்போது திருகுதண்டைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவைத்து, மறுநாள் கிரீஸ் தடவிப் பலகையை முழுவதும் ஏற்றி இறக்கிப் பார்க்கவேண்டும். பலகை வந்து உட்காரும் கல்லில் சிறு கூழாங்கல் ஒன்று சிக்கினாலும் இரவு பகலாக நீர் ஒழுகும். பின்பு மாதம் ஒருமுறை பலகையை அசைத்து விடுதல் நலம். தண்டு வளைந்திருந்தாலும், கட்டடம் வெடித்திருந்தாலும் நாமாகக் கைவைக்கலாகாது. 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டுள்ள ஏரிகள் நீர்வளத் துறையையும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தையும் சேர்ந்தவை. அவ்வவ்விடத்திற்கு எழுத்து மூலமாய்த் தெரிவிக்கவேண்டும்.

கரையின் பகை நண்டு வளை, எலி வளை, வேலிகாத்தான் ஆகிய மூன்று. வேலிகாத்தானை மேலே வெட்டிவிட்டால் போதுமென்று எண்ணுவது தவறு. அடிவேர் மக்கியபின் அந்த வழியே நீர் புகும். கோடையில் வேரோடு தோண்டி, குழியில் ஈரமண்ணை அரையடிக் கனமாகப் போட்டுப் போட்டுத் திமிசால் இடிக்கவேண்டும். மண்ணைக் கையிற் பிடித்தால் உருண்டையாக நிற்கவேண்டும். உதிர்ந்தால் ஈரம் போதாது, கையில் ஒட்டினால் மிகுதி. கரையின் அடியிலேயே குழி தோண்டி அம்மண்ணைக் கரைமேற் போடுவது சில ஊர்களில் வழக்கம். அது வேட்டியைக் கிழித்துத் துண்டுக்கு ஒட்டுப்போடுவது போலாகும்.

மழைக்காலத்தில் கரைக்கு வெளியே கசிவு காணில் அதன் நிறத்தைப் பார்க்க. தெளிந்த நீராயின் கண்காணித்தால் போதும். கலங்கி மண்ணோடு வருமாயின் கரை உள்ளே அரிக்கப்படுகிறதென்று அறிக. பதற்றத்தில் வெளிப்புறத் துவாரத்தைக் களிமண்ணால் அடைப்பவர் பலர். நீர் வேறிடத்தில் பீறிடும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாய் அடுக்கி, நடுவில் பருமணலும் அதன்மேல் ஜல்லியும் இட்டால் மண் தங்கி நீர் மாத்திரம் வடியும். அடைப்பதாயின் ஏரியின் உட்புறத்தில் அடைக்கவேண்டும்.

கலங்கலைப் பற்றி ஒரு வார்த்தை. கூடுதலாய் ஓரடி நீர் நிற்கட்டுமென்று கலங்கலின்மேல் மூட்டையடுக்குவோர் உண்டு. எட்டடி நீர் ஒன்பதடியானால் கரையைத் தள்ளும் விசை கால்பங்குக்கு மேல் அதிகரிக்கிறது. இப்பக்கத்து ஏரிகள் பலவும் ஒன்றின் உபரி மற்றொன்றிற்குப் போகும்படி அமைந்தவை. ஆதலால் மேலேரி உடைந்தால் கீழேரியும் தப்புவது அரிது. 2015-ஆம் வருஷத்து வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்வேலைகளை யார் செய்வது? பத்தாம் நூற்றாண்டில், பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்ச் சாஸனங்கள் ஏரி வாரியத்தைக் கூறுகின்றன. 1858-ஆம் வருஷத்துச் சட்டம் ஏரி உடைப்பைத் தடுக்கக் குடிகளைக் கட்டாயமாய் அழைக்க இடந்தந்தது. 2017-இல் சர்க்கார் குடிமராமத்தை மீண்டும் தொடங்கி, செலவில் பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டுதாரர் உழைப்பாகவோ பொருளாகவோ தரலாமென்றது. ஆயினும், பணம் வந்து தூர் வாரிய பிறகு அடுத்த கோடையில் மசகிடுவதற்குத் திட்டம் எதுவும் வேண்டுவதில்லை; ஒரு டப்பா கிரீஸே போதும்.

ஆவணிக் கடைசியில், நீர்க்கட்டியும் ஆயக்கட்டுதாரர் நால்வரும், இயந்திர வேலை தெரிந்த வாலிபர் ஒருவரும் சேர்ந்து கரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்து, வளைகளைக் கழியால் குத்திப் பார்த்துச் சுண்ணாம்பால் குறியிடலாம். வெற்றுச் சாக்குகள், மண்வெட்டி, விளக்கு ஆகியவற்றை ஊர்ப் பொதுக் கட்டடத்தில் வைத்து, அதன் சாவியை நீர்க்கட்டியினிடமே கொடுத்து வைக்கவும். உடைப்பு பெரும்பாலும் இரவில், மழையினூடே தெரியவரும். அப்போது சாவியைத் தேடிக்கொண்டு திரிய நேரமிராது.