கடல் இல்லாத கடல்

நடுக்கடல். ஒரு படகு. அதில் பை என்ற பையன். அவனோடு ஒரு புலி! 'லைஃப் ஆஃப் பை' படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? 2012இல் வந்தது. கதை புதுச்சேரியில் தொடங்கும். முதலில் வரும் தாலாட்டு தமிழ்ப் பாட்டுதான். பாடியவர் பாம்பே ஜெயஸ்ரீ. (அந்த இடத்தில் அம்மா, அப்பா முகத்தைக் கொஞ்சம் பாருங்க!)

பையாக நடித்தவர் சூரஜ் ஷர்மா. அவருக்கு நீந்தவே தெரியாது. இந்தப் படத்துக்காகத்தான் கற்றுக்கொண்டார்.

"ஐயையோ, அப்புறம் எப்படி அவரைக் கடல்ல விட்டாங்க?"

விடவில்லை. அவர் இருந்தது ஒரு தொட்டியில்.

தைவானில் தைச்சுங் என்று ஓர் ஊர். அங்கே பழைய விமான நிலையம் ஒன்று மூடிக் கிடந்தது. அந்த இடத்தில் பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். இயந்திரங்கள் அதில் அலை எழுப்பும். சுற்றிலும் நீலத் திரை.

ஏன் நீலம்? நம் தோலில் நீலம் அவ்வளவாக இல்லை. அதனால் கணினியிடம், "நீலமா இருக்கிறதை எல்லாம் எடுத்துடு" என்று சொல்லலாம். திரை போய்விடும். பையனும் படகும் மிஞ்சும். காலியான இடத்தில் வானத்தையும் கடலையும் வைக்கலாம்.

சொல்ல எளிது! ஆனால் தண்ணீர் கண்ணாடி மாதிரி. பக்கத்தில் நீலத் திரை இருந்தால் அதுவும் தண்ணீரில் தெரியும். அப்புறம், தொட்டித் தண்ணீரும் கணினியில் செய்த அலையும் சேரும் இடத்தில் கோடு தெரியக் கூடாது.

வெளிச்சம் இன்னும் கஷ்டம். நீங்களே செய்து பாருங்கள். மேசையில் ஒரு பந்தை வையுங்கள். இடது பக்கத்திலிருந்து டார்ச் அடியுங்கள். நிழல் எந்தப் பக்கம் விழுது? வலது பக்கம், இல்லையா? பையனின் நிழல் வலது பக்கம் விழுந்தால், வானத்தில் வைக்கும் சூரியனும் இடது பக்கம்தான் இருக்க வேண்டும். மாற்றி வைத்தால், "என்னமோ சரியில்லையே" என்று நம் கண் கண்டுபிடித்துவிடும்.

கேமரா நகர்ந்தால்? பேருந்தில் போகும்போது பக்கத்து மரங்கள் வேகமாக ஓடும். தூரத்து மலை மெதுவாக நகரும். நிலா நம்மோடு கூடவே வரும். கணினியில் செய்த கடலும் வானமும் அப்படியே நகர வேண்டும்.

புலியா? சில காட்சிகளில் மட்டும் நிஜப் புலி. மற்றதெல்லாம் கணினிப் புலி!

இந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்தது 'ரிதம் அண்ட் ஹ்யூஸ்' என்ற நிறுவனம். 2013 பிப்ரவரி 24 அன்று இந்தப் படத்தின் காட்சி வேலைகளுக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. ஆனால் அதற்குச் சில நாள் முன்புதான் அந்த நிறுவனம் பணமில்லாமல் நொடித்துப்போனது. பல பேருக்கு வேலை போயிற்று. உள்ளே விருது கொடுத்தார்கள். வெளியே தெருவில், இந்தத் தொழில் செய்கிறவர்கள் பலகை பிடித்து நின்றார்கள்.

சில படங்களில் நீலத்துக்குப் பதிலாகப் பச்சைத் திரை வைப்பார்கள். அந்த நாட்களில் பல கலைஞர்கள் இணையத்தில் தங்கள் முகப் படத்தை எடுத்துவிட்டு, வெறும் பச்சைக் கட்டம் ஒன்றை வைத்தார்கள். நாங்கள் இல்லாவிட்டால் திரையில் உங்களுக்குத் தெரிவது இவ்வளவுதான் என்று அதற்கு அர்த்தம்.