வேலை அனுபவம் இல்லாதவரும் எம்.பி.ஏ. படிப்பும்

பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கும் மாணவர் பலர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகின்றது. வாணிக நிர்வாகத்தில் மேற்பட்டம் பெற இப்பொழுதே சேர்வதா, சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுச் சேர்வதா? எம்.பி.ஏ. என்னும் ஒரே பெயரில் இருவேறு படிப்புகள் வழங்குவதை அறிந்தால் விடை காண்பது ஓரளவு எளிதாகும்.

முதலாவது, வேலை பார்த்தவர்களுக்கென்றே அமைந்தது. 1908-இல் தோன்றிய ஹார்வர்டு வாணிகக் கல்லூரி, ஒரு நிறுவனம் உண்மையிலேயே சந்தித்த சிக்கலை மாணவர் கையில் கொடுத்து, 'இதன் தலைவர் நீங்களாயின் என்ன செய்வீர்கள்?' என்று வினவும் முறையைப் பரப்பிற்று. அவ்வகுப்பில் மாணவர் பேச்சே பெரும்பகுதி. ஆலையில் தொழிலாளர் தகராற்றை நேரில் கண்டவர் ஒருவர், கொடுத்த கடனை வசூலிக்க இயலாது தவித்த வங்கி அலுவலர் ஒருவர் எனப் பலரும் கூடியிருந்தால்தான் அப்பேச்சுக்குச் சுவை. எதையும் கண்டிராதவர் கேட்டுக்கொண்டிருக்கலாம். கொடுப்பதற்கு அவரிடம் சரக்கு இராது. இறுதியாண்டு மாணவர்க்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கும் ஒரு திட்டமும் அங்கு உண்டு. ஆனால், குறைந்தது ஈராண்டு வேலை பார்த்த பின்னரே வகுப்பில் சேர்த்துக்கொள்வர்.

இரண்டாவது வகையை நம் நாட்டில் காணலாம். ஹார்வர்டின் துணையோடு 1961-இல் அமைந்த அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் இரு வகையும் அருகருகே நடைபெறுகின்றன. ஓராண்டுப் படிப்புக்கு நான்காண்டுப் பணியனுபவம் வேண்டும். ஈராண்டுப் படிப்புக்கு அனுபவம் கட்டாயமன்று. 'கேட்' என்னும் பொதுச் சேர்க்கைத் தேர்வை இறுதியாண்டு மாணவரும் எழுதலாம். 2011-இல் தொடங்கிய திருச்சிராப்பள்ளிக் கழகத்தின் ஈராண்டுப் படிப்புக்கும் இத்தேர்வே வாயில். ஐரோப்பாவில் புதுப் பட்டதாரிகளுக்கான படிப்புக்கு 'மேலாண்மை முதுகலை' என வேறு பெயரே இட்டுவிட்டார்கள். குழப்பம் குறைய அது நல்ல ஏற்பாடு!

ஈராண்டுப் படிப்பில் அனுபவத்தின் குறையை ஈடுசெய்வது, இரண்டு ஆண்டுகளுக்கும் இடையே வரும் கோடைக்காலப் பயிற்சி. ஏறத்தாழ இரண்டு மாதம் மாணவர் ஒரு நிறுவனத்தில் அமர்ந்து உண்மையான வேலையைச் செய்கிறார். இப்பயிற்சி பெயரளவில் நடைபெறும் கல்லூரியில் சேரும் புதியவர், பி.காம். பாடங்களையே பெருஞ்செலவில் மறுபடியும் படித்தவர் ஆவார். செலவு என்று சொன்னது வீண்பேச்சு அன்று. மூத்த கழகங்களில் கட்டணம் 20 இலட்சம் ரூபாயைத் தாண்டுகின்றது. வங்கிக் கடனில் படிப்பவர், பின்னர்த் தம் சம்பளத்திலிருந்து தவணை கட்ட வேண்டும்.

நிதியா, விற்பனையா, பணியாளர் நிர்வாகமா எதில் நாட்டம் என்று சொல்ல இயலாதவர், ஒரு மொத்தக் கடையின் கணக்கெழுதும் வேலையிலாவது ஈராண்டு இருந்து வருவது நலம். எனினும் எல்லோருக்கும் இதனைச் சொல்ல மாட்டேன். 'வேலைக்குப் போ, பிறகு படிக்கலாம்' என்பது சில வீடுகளில், பெண்களுக்குச் சிறப்பாக, 'இனிப் படிப்பே இல்லை' என்று பொருள்படும். அத்தகைய மாணவிக்கு நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தால், இப்பொழுதே சேர்வதுதான் சரி.

விண்ணப்பிக்குமுன் அக்கல்லூரியின் இரண்டாமாண்டு மாணவர் ஒருவரைக் கண்டு, கோடையில் எந்த நிறுவனத்தில் என்ன வேலை பார்த்தார் என்று கேளுங்கள். விளம்பர ஏடு சொல்லாத செய்திகளை அவர் சொல்லுவார்.