கீசரின் இரண்டு காவலர்கள்

கல்லிடைக்குறிச்சியில் வெந்நீர் என்றதும் பாட்டிமாரின் நினைவுக்கு வருவது செம்புப் பாய்லர்தான். நடுவில் புகைக்குழலுடன் பின்கட்டில் நிற்கும். அடியில் கதம்பையும் சிரட்டையும் எரியும். மேலேயுள்ள புனலில் ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால், மூக்கு வழியே ஒரு செம்பு வெந்நீர் வழியும்.

அந்தப் பாய்லருக்கு வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவி ஏதும் இல்லை, தேவையும் இல்லை. வாய் திறந்திருப்பதால் நீர் எவ்வளவு கொதித்தாலும் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. ஆவி வெளியே போய்விடும். தீயை உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதுமே கட்டுப்பாடு. தண்ணீர் இல்லாமல் தீ மூட்டக்கூடாது என்பது ஒன்றே அதன் சட்டம்.

பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இல் இயங்கத் தொடங்கியது. அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகே நம் பக்கத்து வீடுகளில் மின்சாரக் கீசர் பரவலாயிற்று. கீசரோ மூடிய கலம். மூடிய கலத்தில் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் சூடேறும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அடுப்படியில் இருக்கும் குக்கரே போதும். ஆகவேதான் கீசருக்குள் இரண்டு காவலர்கள் வைக்கப்பட்டிருக்கிறார்கள். இருவரும் ஒரே வேலையைச் செய்பவர்கள் என்று எண்ணி, ஒருவரை நீக்கிவிடுவதுதான் பழைய கீசர்களில் நடக்கும் பெரிய ஆபத்து.

முதற் காவலர் தெர்மோஸ்டாட். பழைய கீசர்களில் இது நீண்ட தண்டு வடிவில் இருக்கும். வெளியே பித்தளைக் குழல். உள்ளே இன்வார் எனும் இரும்பு–நிக்கல் கலவைக் கம்பி. சூட்டில் பித்தளை நன்கு நீளும். இன்வார் ஏறக்குறைய நீளாது. 25 சென்டிமீட்டர் பித்தளைக் குழல் 35 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குதான் நீளுகிறது. அந்த மிகச் சிறிய நீட்சியே உள்ளிருக்கும் கம்பியை இழுத்து, மின் தொடர்பைத் துண்டிக்கிறது. நீர் ஆறியதும் தொடர்பு மீண்டும் சேருகிறது. இந்த இன்வாரை 1896-இல் கண்டறிந்த ஷார்ல் எடுவார் கியோம் என்பவருக்கு 1920-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நம் குளியலறைச் சுவரில் ஒரு நோபல் பரிசு மாட்டியிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது!

இரண்டாம் காவலர் கட்-அவுட். முதற் காவலர் கடமையில் தவறினால் மட்டும் இவர் விழித்தெழுவார். மின்சாரத்தை அடியோடு நிறுத்திவிடுவார். பல கீசர்களில் ஒரு சிறு பொத்தானைக் கையால் அழுத்தினாலன்றி மீண்டும் வேலை செய்யமாட்டார். இவ்விருவருக்கும் அப்பால் அழுத்தம் மிகும்போது நீரை வெளியேற்றும் சேஃப்டி வால்வும் உண்டு.

இனிக் கோளாறுகளுக்கு வருவோம். "முன்பு போலச் சுடவில்லை" என்பதே அடிக்கடி கேட்கும் புகார். கீசரைக் குறை கூறுமுன் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த ஏறக்குறைய 3,675 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். 2,000 வாட் கீசர் இதை அரைமணி நேரத்தில் தரும். ஆனால் 230 வோல்ட்டுக்குப் பதில் 180 வோல்ட் வந்தால் திறன் ஐந்தில் மூன்று பங்காகக் குறையும். நேரமோ 50 நிமிடமாகும். கோளாறு கீசரில் அன்று, கம்பத்தில்!

வோல்டேஜ் சரியாயிருந்தும், விளக்கு சீக்கிரமே அணைந்து நீர் வெதுவெதுப்பாகவே வந்தால், தெர்மோஸ்டாட் குறைந்த அளவில் திருப்பப்பட்டிருக்கலாம். அன்றேல் சுண்ணாம்புப் படிவைச் சந்தேகிக்கலாம். பருப்பு வேகாத, சோப்பு நுரைக்காத கிணற்றுத் தண்ணீரை ஊற்றும் வீடுகளில் இது சகஜம். கடின நீர் சூடாகும்போது சுண்ணாம்பு பிரிந்து, சூடேற்றும் கம்பிச்சுருளின்மேல் ஓடாகப் படிகிறது. அந்த ஓடு தெர்மோஸ்டாட் குழலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால், தண்ணீர் சுடுமுன்பே குழல் சுட்டுவிடும். தெர்மோஸ்டாட் ஏமாந்து மின்சாரத்தை நிறுத்திவிடும். தக்கவரை அழைத்துப் படிவை அகற்றச் செய்வதே வழி. தெர்மோஸ்டாட்டைத் திருப்பிக் கூட்டிக்கொண்டே போவது வழியன்று.

சேஃப்டி வால்வில் சிறிது நீர் சொட்டினால் அஞ்ச வேண்டாம். 25 லிட்டர் நீர் 60 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய கால் லிட்டருக்கு மேல் விரிகிறது. அது போக இடம் வேண்டுமல்லவா? சொட்டுகிறதே என்று துவாரத்தை அடைப்பவர், குக்கரின் வெயிட்டைக் கம்பியால் கட்டுபவருக்கு ஒப்பாவார்.

அஞ்ச வேண்டியது வேறொன்று. குழாயைத் திறந்ததும் ஆவி சீறி, கொதிநீர் தெறித்தால், தெர்மோஸ்டாட்டின் தொடர்பு முனைகள் உருகி ஒட்டிக்கொண்டன என்று பொருள். உடனே மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, குழாயைத் தொடாமல், கலம் தானே ஆறும்வரை விட்டுவிட வேண்டும். கட்-அவுட் நல்ல நிலையில் இருந்தால் இவ்வளவு தூரம் போகாது. முன்னதாகவே அது விழுந்துவிடும். காலையில் கீசர் வேலை செய்யவில்லை என்று பொத்தானை அழுத்துகிறோம், ஓடுகிறது. மறுநாளும் விழுகிறது. இரண்டாம் முறை விழுந்தால் மூன்றாம் முறை அழுத்தக்கூடாது. முதற் காவலர் போய்விட்டார் என்ற செய்தி அது.

இந்த இடத்தில்தான் பழுதுபார்க்க வருபவர் சிலர், "டைரக்டா கொடுத்துரட்டுமாம்மா? அஞ்சு நிமிஷ வேலை" என்பார்கள். மார்கழிக் குளிரில், கிறிஸ்து பிறப்பு நவநாள் திருப்பலிக்கு நேரமாகிறதென்று பரபரக்கும் வீட்டில், அது இனிமையான பேச்சாகவே கேட்கும். இரு கம்பிகளையும் நேரே முறுக்கிவிட்டால் கீசர் ஓடும், ஆனால் நிற்காது. அம்மா மறந்து கடைக்குப் போய்விட்டால், மூடிய கலத்துக்குள் என்ன நடக்கும் என்பதை எட்டாம் வகுப்பு மாணவியும் சொல்லிவிடுவாள். புதிய தெர்மோஸ்டாட்டின் விலை அந்த ஆபத்துக்கு முன் ஒன்றுமேயில்லை.

எவ்வளவு சூட்டில் வைப்பது? 60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலைப் புண்ணாக்கும். அதற்காக 40-இல் வைத்து நாட்கணக்கில் தேங்கவிட்டால் கிருமிகள் பெருகும். எனவே 60-இல் வைத்து, வாளியில் கலந்துகொள்வதே நல்லது. முதலில் பச்சைத் தண்ணீர், பிறகே வெந்நீர். தவழும் குழந்தையோ முதியவரோ உள்ள வீட்டில் இந்த வரிசை மாறவே கூடாது.

புதிய தெர்மோஸ்டாட் வாங்கும்போது தண்டின் நீளமும் ஆம்பியர் அளவும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். எர்த் கம்பி பொருத்தியிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். மாட்டிய பின் கடிகாரத்தை வைத்துக்கொண்டு காத்திருங்கள். விளக்கு அணைந்ததும் கொஞ்சம் நீரை ஓடவிட்டு, ஒரு செம்பில் பிடித்து, வெப்பமானியை இறக்கிப் பாருங்கள். அரைமணியில் 60-ஐ ஒட்டி நின்றால் கீசர் சரியாகிவிட்டது.